போதும் என்று யார் சொல்வது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பரின் மகன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பிரிண்ட் அவுட். எக்ஸெல் ஷீட். 23 வரிசை, 14 பத்தி. பி.காம். படித்தவனிடம் எக்ஸெல் ஷீட்டைக் காட்டுவது குழந்தைக்குப் பஞ்சுமிட்டாய் காட்டுகிற மாதிரி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

23 வரிசையும் 23 லேப்டாப். எல்லாமே சின்ன சைஸ். 14 பத்திகளில் எடை, திரையின் அளவு, நினைவகம், பேட்டரி, கீபோர்டு, விலை, இத்யாதி. சில கட்டங்களில் பச்சை, சிலவற்றில் சிவப்பு. கடைசி பத்தியின் தலைப்பு ‘முடிவு’. அந்தப் பத்தி முழுக்கக் காலி.

‘‘எவ்வளவு நாளா இதைப் பண்ணிட்டிருக்கே?’’

‘‘ரெண்டு மாசமா அங்கிள்.’’

பையன் புரோகிராமர். திருச்சியில் வீட்டோடு இருந்துகொண்டு சின்னச் சின்ன வேலைகளை எடுத்துச் செய்துகொண்டிருந்தான். மேஜைக்கு அடியில் பெரிய டப்பா, மேஜை மேல் 24 அங்குல மானிட்டர், பக்கத்தில் அம்மா வைத்துவிட்டுப் போகும் காபி. பெரிய வாய்ப்பு தேடி பெங்களூருக்கு இடம் மாறினான். மூன்று பேர் தங்கும் பி.ஜி. அறையில் அவன் பங்குக்கு ஒரு கட்டில், பாதி அலமாரி, ஒரு பிளக் பாயிண்ட். மேஜை கிடையாது. அதனால் டெஸ்க்டாப்பை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போய்விட்டான். இப்போது பகலில் இன்டர்வியூ. ராத்திரி, அறைத்தோழன் தூங்கின பிறகு அவனுடைய பழைய லேப்டாப்பில் வேலை.

கையில் இருப்பது 60,000 ரூபாய். அதில் 25,000 அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தது.

நீங்கள் எப்போதாவது வீடு மாறியிருந்தால் தெரிந்திருக்கும். அதுவரை நாம் வைத்திருக்கும் பொருள்களுக்கு எடை என்று ஒன்று இருப்பதே ஞாபகத்தில் இருக்காது. லாரி வந்து நிற்கும்போதுதான் ‘இது எதுக்கு நமக்கு?’ என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு ‘என்றைக்காவது உதவும்’ என்று பதில் சொல்லி அதையும் ஏற்றிவிடுவோம். சின்ன கம்ப்யூட்டர் வாங்குவது இந்தக் கேள்வியைக் கடையிலேயே கேட்டுக்கொள்வது. எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை இழக்கச் சம்மதிப்பது என்பதுதான் அங்கே கணக்கு.

ஏனென்றால் சின்னக் கம்ப்யூட்டரில் எல்லாமே பண்டமாற்று. எடை குறைய வேண்டுமா? பேட்டரி சிறுக்கும். சத்தம் போடாமல் இருக்க வேண்டுமா? உள்ளே விசிறி இருக்காது. சூடு ஏறினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரை சின்னதா? ஒரே பார்வையில் தெரியும் புரோகிராம் வரிகள் குறையும். ஒல்லியான லேப்டாப்கள் பலவற்றில் நினைவகத்தை மதர்போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். ‘இப்ப 8 ஜி.பி. போதும், அப்புறம் ஏத்திக்கலாம்’ என்கிற பழைய சௌகரியம் அவற்றில் இல்லை. வாங்குகிற அன்றைக்கே ஆயுள் முழுமைக்கும் முடிவு செய்தாக வேண்டும். கிட்டத்தட்டக் கல்யாணம்.

அதனால்தான் பையனுக்குக் குழப்பம். குழப்பத்துக்கு மருந்தாகப் பட்டியலில் 23ஆவதாக ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தான். 1,20,000 ரூபாய். கூடவே ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்று பச்சை வர்ணம் பூசியிருந்தான். வட்டியில்லாத கடன் என்று ஒன்று உலகத்தில் கிடையாது; ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடி கைநழுவிப் போவதுதான் பல நேரம் அந்த வட்டி என்று சொன்னேன். கம்ப்யூட்டருக்கு வருமானவரிக் கணக்கில் வருடத்துக்கு 40 சதவிகிதம் தேய்மானம்; நாற்காலி மேஜைக்கு வெறும் 10 என்றும் சொன்னேன். 1,20,000 ரூபாய் மெஷின் மூன்று வருட முடிவில் கணக்குப் புத்தகத்தில் 25,920 ரூபாய். பையன் முகம் வாடியது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையின் ஒரு முனை நம்ம திருவண்ணாமலையில் இருக்கிறது.

ஆடம் ஆஸ்பார்ன் என்று ஒருவர். ஆங்கிலேயர். 1939இல் பாங்காக்கில் பிறந்தவர். அவருடைய அப்பா ஆர்தர் ஆஸ்பார்ன், ரமண மகரிஷியின் பக்தர். மகரிஷியைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகங்கள் எழுதியவர். அதனால் ஆடமின் குழந்தைப் பருவத்தில் ஒரு பகுதி ரமணாசிரமத்தின் நிழலில் கழிந்தது. ஒரு கோவணம், ஒரு கைத்தடி, ஒரு கமண்டலம், இவ்வளவுதான் உடைமை என்று வாழ்ந்த ஒருவரைப் பக்கத்தில் பார்த்து வளர்ந்த பையன், பிற்பாடு அமெரிக்கா போய் 1981இல் ஒரு கம்ப்யூட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பெயர் ஆஸ்பார்ன் 1. கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டர்களில் வியாபார ரீதியாக முதலில் ஜெயித்தது என்று அதைச் சொல்வார்கள்.

தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், தோள்பட்டை நன்றாக இருப்பவர்கள் தூக்கிக்கொண்டு போகலாம். எடை சுமார் 11 கிலோ. தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். பேட்டரி கிடையாது. திரை 5 அங்குலம், இன்றைய செல்போனைவிடச் சின்னது. நினைவகம் 64 கிலோபைட். விலை 1,795 டாலர். எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் சாஃப்ட்வேர் கூடவே இனாம். போதுமான அளவு இருந்தால் போதும், அதற்கு மேல் இருப்பதெல்லாம் சம்பந்தமில்லாத விஷயம் என்பது ஆஸ்பார்னின் சித்தாந்தம். மகரிஷி பாதிப்பா, வியாபாரத் தந்திரமா தெரியாது. மெஷின் அமோகமாக விற்றது.

பிறகு 1983இல் ஒரு தப்பு செய்தார். இதைவிட நல்ல மாடல் சீக்கிரமே வருகிறது என்று, அது தயாராவதற்கு முன்னாலேயே பேச ஆரம்பித்தார். ஜனங்கள் என்ன செய்வார்கள்? ‘அதான் புதுசு வருதே, காத்திருப்போம்’ என்று இருக்கிற மாடலை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அதே வருடம் செப்டம்பரில் கம்பெனி திவால். வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இந்த மாதிரி சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதற்கு நிர்வாகவியலில் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள், ‘ஆஸ்பார்ன் எஃபெக்ட்’ என்று. உடல்நலம் கெட்டு இந்தியா திரும்பிய ஆஸ்பார்ன், 2003இல் கொடைக்கானலில் காலமானார்.

‘‘உனக்கு வந்திருக்கறதும் அதே வியாதிதான். நாளைக்கு வரப்போற நல்லதை நெனச்சு இன்னிக்கு வாங்க வேண்டியதை வாங்காம உட்கார்ந்திருக்கே’’ என்றேன்.

இதற்கு மருந்து சொன்ன ஒரு ஆசாமியும் உண்டு. ஹெர்பர்ட் சைமன். பொருளாதாரத்துக்காக 1978இல் நோபல் பரிசு வாங்கியவர். அதற்கு மூன்று வருடம் முன்பு கம்ப்யூட்டர் துறையின் உயரிய விருதான டூரிங் விருதையும் பகிர்ந்துகொண்டவர். மனிதர்கள் எப்போதும் இருப்பதிலேயே சிறந்ததைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பொருளாதாரப் புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, அது முடியாத காரியம் என்றார் சைமன். எல்லாவற்றையும் ஒப்பிட நமக்கு நேரமும் கிடையாது, மூளையும் கிடையாது. எனவே, தேடப் போவதற்கு முன்னால் ‘எனக்கு இது, இது, இது இருந்தால் சரி’ என்று வரையறுத்துக்கொள்கிறோம். அதற்குப் பொருந்தி முதலில் எது வருகிறதோ அதோடு தேடலை நிறுத்திவிடுகிறோம். இது சோம்பேறித்தனம் இல்லை, தேடுவதற்கும் ஒரு செலவு உண்டு என்று தெரிந்துகொண்ட புத்திசாலித்தனம். பையன் இரண்டு மாதமாகப் போட்ட எக்ஸெல் ஷீட்டுக்கு பில் போட்டால் ஒரு லேப்டாப்பே வாங்கியிருக்கலாம்.

ஆக, வரையறை வேண்டும். நான் ஒரு வழி சொன்னேன். ‘‘போன வாரம் ஏழு நாளும் கம்ப்யூட்டர்ல என்னென்ன பண்ணினேன்னு உண்மையா எழுது. எதிர்காலத்துல பண்ணப் போறதெல்லாம் வேண்டாம். பண்ணினது மட்டும்.’’

எழுதினான். புரோகிராம் எழுதினது, திருத்தினது. பிரவுசரில் ஏழெட்டு பக்கங்கள் திறந்து வைத்துப் படித்தது. ஒரு சின்ன டேட்டாபேஸ். இரண்டு வீடியோ இன்டர்வியூ.

பார்த்தீர்களா? புரோகிராம் என்பது கடைசியில் வெறும் எழுத்து. பத்து லட்சம் வரியில் ஒரு புரோகிராம் எழுதினாலும், வரிக்கு 40 எழுத்து என்று வைத்தால் 40 எம்.பி.தான். உங்கள் உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கல்யாண வீடியோ அதைவிடப் பெரிசு. நிலாவுக்கு மனிதனைக் கொண்டுபோன அப்போலோ விண்கலத்து கம்ப்யூட்டரில், வேலை நடக்கும்போது எழுதி அழிக்கக்கூடிய நினைவகம் ஏறத்தாழ 4 கிலோபைட். 8 ஜி.பி. என்பது அதைப்போல சுமார் 20 லட்சம் மடங்கு.

‘‘அதனால பழைய பிசினஸ் லேப்டாப் ஒண்ணு, 12 அங்குலம், 8 ஜி.பி., செகண்ட் ஹாண்ட்ல 25,000க்கு முடிச்சிடு. அம்மாவோட பணத்தை அம்மாகிட்டயே திருப்பிக் கொடுத்துடு’’ என்று தீர்ப்பு வழங்கினேன். மனதுக்குள் எனக்கு நானே சால்வை போர்த்திக்கொண்டேன்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்:

‘‘அங்கிள், தப்பா நினைக்காதீங்க. போன வாரம் நான் பண்ணினது, அந்த மெஷின்ல பண்ண முடிஞ்சது மட்டும்தான். அது 4 ஜி.பி. நான் பண்ண நினைச்சது அதுல ஓடவே இல்லை. ஓடாததை எப்படி லிஸ்ட்ல எழுதறது?’’

எனக்குப் பதில் வரவில்லை.

யோசித்துப் பாருங்கள், அவன் சொன்னது எவ்வளவு சரி! நான் படித்த கணக்கியலில் ஓர் ஓட்டை உண்டு. நடந்த வியாபாரத்துக்குத்தான் லெட்ஜரில் பக்கம். பணம் இல்லாததால் நடக்காமல் போன வியாபாரத்துக்குப் பற்றும் கிடையாது, வரவும் கிடையாது. பொருளாதாரத்தில் அதற்குப் பெயர் இருக்கலாம். லெட்ஜரில் பக்கம் இல்லை. இல்லாதவனிடம் போய் ‘உன் தேவைகளை எழுது’ என்றால் அவன் எழுதுவது தேவைகளின் பட்டியல் இல்லை; இல்லாமையோடு செய்துகொண்ட சமரசங்களின் பட்டியல். அதைப் பார்த்துவிட்டு, ‘பார், உனக்கு இவ்வளவுதான் தேவைப்படுகிறது, இது போதும்’ என்று சொல்வது மகா சுலபம். சொல்கிறவனுக்கு.

இந்த வேலையை நான் மட்டும் செய்யவில்லை. 2005இல் அமெரிக்காவிலிருந்து நிக்கலஸ் நெக்ரபாண்ட்டே, ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு 100 டாலரில் லேப்டாப் என்று அறிவித்தார். நல்ல மனசுதான். ஆனால், அந்தக் குழந்தைகளுக்கு எது போதும் என்பதை வேறு யாரோ வெகு தொலைவில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். 2006இல் இந்திய அரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அதை வேண்டாம் என்றது. அது 100 டாலருக்கும் வரவில்லை. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, ‘இவங்களுக்கெல்லாம் எதுக்கு லேப்டாப், சினிமாதான் பார்ப்பாங்க’ என்று ஏ.சி. அறைகளில் பேசிக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன். பேசியவர்கள் அவரவர் லேப்டாப்பில் என்ன பார்த்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பார்ன் கதையிலும் நான் பையனிடம் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி இருக்கிறது. 5 அங்குலத் திரை போதும் என்றார் இல்லையா? 1982இல் கேப்ரோ என்ற போட்டிக் கம்பெனி, அதே 1,795 டாலருக்கு 9 அங்குலத் திரையோடு ஒரு மெஷினை இறக்கியது. ஆஸ்பார்னில் ஒரு வரிக்கு 52 எழுத்து தெரியும், இதில் 80. ஜனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். போதும் என்று ஆஸ்பார்ன் சொன்னது தன் கண்ணுக்கு இல்லை, வாடிக்கையாளரின் கண்ணுக்கு.

ஆசிரமத்துக்கே திரும்பிப் போவோம். மகரிஷியிடம் இருந்தது ஒரு துணி. ஆசிரம வாசலில் கையேந்தி உட்கார்ந்திருப்பவரிடம் இருப்பதும் ஒரு துணிதான். முன்னவரிடம் இருப்பதைத் துறவு என்கிறோம், பின்னவரிடம் இருப்பதை வறுமை என்கிறோம். துணியில் வித்தியாசம் இல்லை. ‘போதும்’ என்று சொன்னது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போதும் என்பது தன்மையில் மட்டுமே சொல்லத்தக்க ஒரு வார்த்தை. ‘எனக்குப் போதும்’ என்றால் அது நிறைவு. ‘உனக்குப் போதும்’ என்றால் அது அதிகாரம். சாப்பாட்டுப் பந்தியில்கூடப் பாருங்கள், இலைக்குச் சொந்தக்காரர் கையை நீட்டி மறிக்கும்வரை பரிமாறுகிறவர் நிறுத்தக் கூடாது என்பதுதானே நம்ம ஊர் மரியாதை?

சரி, அப்படியானால் 1,20,000 ரூபாய் மெஷினை வாங்கு என்று சொல்லிவிடலாமா? அதுவும் சரியில்லை. ‘பண்ண நினைச்சது’ என்பது மகா ஆபத்தான தலைப்பு. நாம் வாங்குகிற பல பொருள்களை நாம் வாங்குவதில்லை. நாமாக ஆக விரும்பும் அந்த இன்னொரு ஆள் வாங்குகிறான். காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கும் ஆள் நடைப்பயிற்சி மெஷினை வாங்குகிறான், ஏழரைக்கு எழுந்திருக்கும் ஆள் அதில் துண்டு காயப்போடுகிறான். இ.எம்.ஐ. மட்டும் இரண்டாவது ஆள் பெயரில் வருகிறது.

ஆகவே, நானும் பையனும் சேர்ந்து ஒரு சமாதானத்துக்கு வந்தோம். போன வாரப் பட்டியல் அப்படியே இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மெஷின் போதாததால் நின்றுபோன வேலைகள். ஆனால் ஒரு நிபந்தனை: ஒவ்வொன்றுக்கும் எதிரில் தேதி போட வேண்டும். எப்போது ஆரம்பித்தது, எதில் நின்றது, மெஷின் வந்தால் எந்தத் தேதியில் மறுபடி தொடங்கும். தேதி போட முடியாதது கனவு. கனவு காணலாம், கடன் வாங்கிக் காணக் கூடாது.

ஆரம்பத்தில் ஒன்பது எழுதினான். வீடியோ எடிட்டிங், கேம் தயாரிப்பு, சொந்தமாக ஒரு செயற்கை நுண்ணறிவு... தேதி என்றதும் ஒவ்வொன்றாக அவனே அடித்தான். நான் ஒன்றையும் அடிக்கவில்லை, சத்தியமாக. இரண்டு மிஞ்சின. மளிகைக் கடைகளுக்கான ஒரு மொபைல் ஆப். அதைச் சோதித்துப் பார்க்க கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய் செல்போனை ஓடவிட வேண்டும், அது நினைவகத்தை யானைப் பசியில் தின்னும். இன்னொன்று, வேலைக்கு எடுப்பதற்கு முன் ஒரு கம்பெனி கொடுத்திருக்கும் சோதனைப் பணி. அடுத்த 12 நாளில் முடித்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டுக்கும் 16 ஜி.பி. வேண்டும். 8 போதாது. 32 தேவையில்லை. கட்டிலில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுவதால் ஒன்றரை கிலோவுக்கு மேல் கூடாது. கீபோர்டு நன்றாக இருக்க வேண்டும். தினமும் பத்து மணி நேரம் விரல் படுவது அதில்தான். அறையில் ஒரே பிளக் என்பதால் பேட்டரி ஆறு மணி நேரமாவது தாங்க வேண்டும். ஐந்தே நிபந்தனை, விலை உட்பட. 14 பத்தி ஐந்தானதும் 23 வரிசை மூன்றாகிவிட்டது. மூன்றில் முதலில் கைக்குக் கிடைத்தது எதுவோ அது. சைமன் கேட்டால் சந்தோஷப்படுவார்.

அந்த வாரமே வாங்கிவிட்டான். 13 அங்குலம், மூன்று வருடம் பழையது, 41,000 ரூபாய். மீதி 19,000 ரூபாயை அம்மாவுக்கு அனுப்பினானாம். அம்மா திருப்பி அனுப்பிவிட்டார்களாம், ‘மேஜை வாங்கிக்கோ’ என்று. அவர் அங்கிருந்தபடியே ‘போதும்’ என்று சொல்ல மறுத்துவிட்டார். அம்மாக்களின் லெட்ஜர் வேறு.

அன்றைக்குப் பையன் கிளம்பும்போது என் மேஜையைப் பார்த்தான். ‘‘உங்க கம்ப்யூட்டர்ல எவ்வளவு மெமரி அங்கிள்?’’

32 ஜி.பி. கடைக்காரர் சொன்னார், வாங்கினேன். இந்தக் கட்டுரையை அதில்தான் எழுதுகிறேன். தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட் வீதம் வைத்தாலும் மொத்தம் சில பத்து கிலோபைட்தான் வரும். ஆஸ்பார்னின் 11 கிலோ பெட்டி ஏறக்குறைய போதும்.

பையனிடம் சொன்னேனா? இல்லை. பேச்சை மாற்றி, ‘‘காபி சாப்பிடறியா?’’ என்றேன்.